பம்பர் கிழிசலும் ஒரு டென்ட்டும்: க்ளெய்ம் போடுவதா, கைக்காசு போடுவதா?

பின்பம்பர் | 6 ஜனவரி, இரவு 9.50

நாலாவது வருஷத்தில் ஓடும் 1200 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக். பார்க்கிங் தூணில் பின்பக்க இடது மூலை உரசி பம்பர் ஓரம் கிழிந்திருக்கிறது. அதற்கு மேலே குவார்ட்டர் பேனலில் (பின்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கவாட்டுத் தகடு) உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டென்ட். கம்பெனி ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 14,750. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் கூடுதல் கவர்) இல்லை. இப்போது என்சிபி (க்ளெய்ம் போடாத வருஷங்களுக்கு ப்ரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 35%. இரண்டு மாதத்தில் ரின்யூவல். க்ளெய்ம் இல்லையென்றால் 45% ஆகும். என்சிபி கழிப்பதற்கு முந்தைய ஓடி (ஓன் டேமேஜ், நம் வண்டிச் சேதத்துக்கான பகுதி) ப்ரீமியம் 9,000. அதில் 45% என்றால் 4,050.

பதினாலாயிரத்து எழுநூறு வாங்க நாலாயிரம் போனால் போகட்டும், க்ளெய்ம்தான் லாபம் என்பது என் கணக்கு. எங்காவது இடிக்கிறதா?

ஓடிகணக்கு | 6 ஜனவரி, இரவு 10.25

இரண்டு பக்கமும் இடிக்கிறது. 14,750 முழுசாக வராது. 4,050 மட்டும் போகாது.

எஸ்டிமேட்டைப் பிரித்துப் போடுங்கள். பம்பர் விலை எவ்வளவு, டிங்கரிங் கூலி எவ்வளவு, பெயிண்டிங் எவ்வளவு, சில்லறைச் சாமான் எவ்வளவு? மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

பின்பம்பர் | 6 ஜனவரி, இரவு 10.41

புது பம்பர் 4,200. குவார்ட்டர் பேனல் டிங்கரிங் 2,600. இரண்டுக்கும் சேர்த்து பெயிண்டிங் 5,400. க்ளிப், ஸ்க்ரூ, சீலன்ட் வகையறா 300. ஆக 12,500, அதன்மேல் 18% ஜிஎஸ்டி.

சர்வேநோட்டு | 7 ஜனவரி, காலை 6.55

இனி வெட்ட ஆரம்பிக்கலாம்.

ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், ட்யூப், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50% தேய்மானம். வண்டி வயதைப் பார்ப்பதில்லை. ஷோரூமிலிருந்து நேற்று வந்த வண்டிக்கும் இதேதான். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் 4,200ல் 2,100 உங்கள் தலையில்.

டிங்கரிங் கூலிக்குத் தேய்மானம் கிடையாது. 2,600 முழுசாக வரும்.

பெயிண்டிங்கில் மெட்டீரியலுக்கு மட்டும் 50% கழிவு. கூலியையும் பெயிண்ட்டையும் பிரிக்காமல் ஒரே தொகையாகப் பில் போட்டால், மொத்தத்தில் கால்வாசி மெட்டீரியல் என்று எடுத்துக்கொள்வார்கள். 5,400ல் கால்வாசி 1,350. அதில் பாதி 675 கழியும்.

300 ரூபாய்ச் சாமான் கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன் (சில்லறைச் சாமானுக்கான கூடுதல் கவர்) இல்லாவிட்டால் வராது.

2,100, 675, 300 மூன்றும் சேர்ந்து 3,075. ஜிஎஸ்டியோடு 3,628.50. இதற்குப் பிறகு கம்பல்சரி டிடக்டபிள் (ஒவ்வொரு க்ளெய்மிலும் கட்டாயமாக நாம் ஏற்கும் தொகை): 1500 சிசி வரை 1,000, அதற்கு மேல் 2,000. ஆக நீங்கள் கட்டுவது 4,628.50, இன்சூரன்ஸ் கட்டுவது 10,121.50.

இரும்புப் பாகத்தை மாற்றியிருந்தால் வயதுக் கணக்கு வரும். முதல் ஆறு மாதம் கழிவில்லை, ஒரு வருஷம் வரை 5%, இரண்டு வரை 10, மூன்று வரை 15, நாலு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கும் மேல் 50. ஃபைபர் கிளாஸுக்கு 30%. கண்ணாடிக்கு மட்டும் கழிவே இல்லை.

ஓடிகணக்கு | 7 ஜனவரி, காலை 8.10

வருவது 10,121 என்று ஆயிற்று. போவதைப் பார்ப்போம்.

என்சிபி ஏறுவது 20, 25, 35, 45, 50 என்று. க்ளெய்ம் போட்டால் ஒரு படி மட்டும் இறங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரே க்ளெய்மில் பூஜ்யத்துக்கு வந்துவிடும், தொகை ஆயிரமானாலும் லட்சமானாலும். பிறகு 20லிருந்து மறுபடி ஏற வேண்டும்.

க்ளெய்ம் போடாத உங்கள் வண்டிக்கு அடுத்த ஐந்து ரின்யூவலில் 45, 50, 50, 50, 50. போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசம் 45, 30, 25, 15, 5. ஆறாவது வருஷம்தான் இரண்டும் 50ல் சந்திக்கும்.

ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) குறையக் குறைய ஓடி ப்ரீமியமும் இறங்கும். 9,000, 8,200, 7,500, 6,900, 6,300 என்று வைத்துக்கொண்டால் இழப்பு 4,050 + 2,460 + 1,875 + 1,035 + 315 = 9,735. ப்ரீமியத்துக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, அதையும் சேர்த்தால் 11,487.

10,121 வாங்க 11,487 கொடுக்கிறீர்கள்.

சும்மாபயணி | 7 ஜனவரி, காலை 9.02

அப்ப இன்சூரன்ஸ் எதுக்குய்யா? வருஷா வருஷம் கட்டி, க்ளெய்ம் போடாம இருக்கறதுக்கு தள்ளுபடி வாங்கவா?

சர்வேநோட்டு | 7 ஜனவரி, காலை 9.30

சும்மாபயணி, வண்டி திருட்டுப்போனால், வெள்ளத்தில் மூழ்கினால், முன்பக்கம் மொத்தமாக நசுங்கினால் போடத்தான். அந்த மாதிரி நேரத்தில் என்சிபியைப் பற்றி யாரும் யோசிக்கக் கூடாது. இங்கே பேச்சு பத்துப் பதினைந்தாயிர விவகாரம்.

ஓடிகணக்கு | 7 ஜனவரி, பகல் 1.15

மேலே போட்ட கணக்கை ஒரே எண்ணாகச் சுருக்கிவிடலாம். க்ளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த ரின்யூவலில் எந்தப் படி கிடைத்திருக்கும் என்று பாருங்கள். ஐந்து வருஷ இழப்பைச் சதவீதப் புள்ளிகளாகக் கூட்டினால்:

20 கிடைக்க இருந்தவருக்கு இழப்பு 50 புள்ளி.
25 என்றால் 80.
35 என்றால் 105.
45 என்றால் 120.
50 என்றால் 125.

ஓடி ப்ரீமியத்தை இந்தப் புள்ளியால் பெருக்கி நூறால் வகுத்து, 18% கூட்டினால் இழப்பின் உச்சவரம்பு வரும். ஐடிவி இறக்கத்தைக் கணக்கில் எடுக்காததால் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். 35ஐத் தாண்டிவிட்டால் இழப்பு அதிகம் மாறுவதில்லை என்பதையும் கவனியுங்கள். "50 வந்துவிட்டது, இப்போதுதான் பொத்திப் பொத்திக் காக்க வேண்டும்" என்பவர், 35லேயே காக்க ஆரம்பித்திருக்க வேண்டும்.

பெருக்குவதற்கு எடுக்கும் ப்ரீமியம் ரொம்ப முக்கியம். பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும் மொத்தத் தொகையை எடுக்கக் கூடாது. அதில் தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி) ப்ரீமியம் இருக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த விகிதத்தில் 1000 முதல் 1500 சிசி காருக்கு அது 3,416. அதற்கு என்சிபி கிடையாது. ஷெட்யூலில் "ஓன் டேமேஜ்" பகுதிக்குள் என்சிபி வரிக்கு நேர் மேலே இருக்கும் தொகைதான் வேண்டும். புது வண்டிக்கு மூன்று வருஷ தேர்ட் பார்ட்டி மொத்தமாக எடுத்தவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள்.

என்சிபி50 | 7 ஜனவரி, மாலை 6.40

ஓடிகணக்கு சொன்ன 11,487ஐ அப்படியே நம்ப வேண்டாம். அது அடுத்த ஐந்து வருஷமும் வேறு க்ளெய்மே வராது என்று வைத்துப் போட்ட கணக்கு. ஐந்து வருஷம் ஒரு கீறல்கூட விழாமல் நகரத்துக்குள் ஓட்டுகிறவர் யார்?

அடுத்த வருஷமே ஒரு பெரிய இடி வந்து க்ளெய்ம் போட்டே ஆக வேண்டும் என்றால், இப்போது காத்த என்சிபியும் அன்றைக்குப் பூஜ்யம்தான். அப்போது இன்றைய க்ளெய்மால் நிஜமாகப் போனது முதல் வருஷ 4,050 மட்டும், ஜிஎஸ்டியோடு 4,779. ஆக இழப்பு 4,779க்கும் 11,487க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு வேறு க்ளெய்முக்கு என்று வைத்தால் 4,050, 1,968, 1,200, 530, 129. கூட்டினால் 7,877, ஜிஎஸ்டியோடு 9,295.

ஓடிகணக்கு | 7 ஜனவரி, மாலை 7.05

சரிதான். 9,295 என்றால் முடிவே மாறுகிறது, க்ளெய்ம் 800 ரூபாய் லாபம். எண்ணூறு ரூபாய் வித்தியாசத்துக்கு இந்தக் கணக்கு தாங்காது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று எதிர்ப்பக்கம் இழுக்கிறது. ஓடி ப்ரீமியத்துக்கு 2007 ஜனவரி முதல் கட்டணக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி விகிதம் வைக்கலாம். க்ளெய்ம் வரலாறு உள்ளவருக்கு என்சிபி போவதோடு அடிப்படை விகிதத்தில் கொடுக்கும் தள்ளுபடியும் சுருங்கலாம். அதை முன்கூட்டிக் கணக்கிட வழியில்லை, ஆனால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

பட்டிக்கரண்டி | 7 ஜனவரி, இரவு 9.20

எல்லாரும் 14,750ஐயே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. அந்த வேலைக்கு அவ்வளவு ஆகணுமா என்று யாரும் கேக்கலையே?

க்ளெய்ம் வேலையில் பம்பர் கிழிஞ்சா மாத்துறதுதான் வழக்கம். கைக்காசு வேலையில் ஒட்டலாம். பம்பரைக் கழட்டி உள்பக்கம் பாருங்க, பெரிய எழுத்தில் அச்சு இருக்கும். பிபி (PP) அல்லது பிபி+இபிடிஎம் (PP+EPDM) என்று பிளாஸ்டிக் வகை இருந்தா அதே பிளாஸ்டிக் கம்பியை வெச்சு சூட்டில் உருக்கி ஒட்டலாம். கிழிசல் நீளமா இருந்தா உள்பக்கம் ஸ்டேப்பிள் சூடு பண்ணிப் பதிச்சு, மேலே உருக்கு. வெளிப்பக்கம் தேய்ச்சு, அட்ஹீஷன் ப்ரோமோட்டர் (பிளாஸ்டிக்கில் பெயிண்ட் பிடிக்க வைக்கிறது) அடிச்சு, பிளாஸ்டிக் பட்டி (பள்ளம் நிரப்புற பசை) மெல்லிசா, ப்ரைமர், கலர், க்ளியர்.

இதில் ரெண்டு இடத்தில் கோட்டை விடுவாங்க. ப்ரோமோட்டர் அடிக்காம பெயிண்ட் போட்டா, ப்ரெஷர் வாஷரில் ரெண்டு தடவை கழுவினதும் தோல் மாதிரி உரியும். இரும்புக்குப் போடுற சாதா பட்டியை பம்பரில் அப்பினா, பம்பர் வளையும்போது பட்டி வளையாது, விரிசல் விடும். கடைக்காரரிடம் "ப்ரோமோட்டர் உண்டா" என்று கேளுங்க. முழிச்சா அடுத்த கடை.

பட்டிக்கரண்டி | 7 ஜனவரி, இரவு 9.34

குவார்ட்டர் பேனலைப் பத்தி விட்டுட்டேன். ஃபென்டர், டோர், பானெட் எல்லாம் போல்ட்டில் நிக்கும், கழட்டி மாட்டலாம். குவார்ட்டர் பேனல் பாடியோட வெல்டு. உள்ளங்கை டென்ட்டுக்கு அதை மாத்துறேன்னு யாராவது சொன்னா ஓடிருங்க. மடிப்பு விழாம, பெயிண்ட் உடையாம இருந்தா பிடிஆர் (பெயிண்ட் அடிக்காம டென்ட் எடுக்கிற வேலை) ஆள் உள்பக்கமிருந்து கம்பியால் தள்ளியே எடுத்துருவார், பெயிண்டே வேண்டாம். மடிப்புக் கோட்டுக்கு மேலே விழுந்த டென்ட், ஓரத்தை ஒட்டின டென்ட், இதெல்லாம் பிடிஆரில் முழுசா வராது. பெயிண்ட் விரிஞ்சிருந்தா ஸ்டட் வெல்டரில் இழுத்து, பட்டி, பெயிண்ட்.

சர்வேநோட்டு | 8 ஜனவரி, காலை 7.10

ஒட்டுவதா மாற்றுவதா என்று முடிவெடுக்கும் முன் பம்பருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பின்பக்கத்தில் ஃபோம், பக்கவாட்டு பிராக்கெட், ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் பார், பார்க்கிங் சென்சார், சில வண்டியில் மூலையில் ரேடார். வெளியே கீறல்தான், உள்ளே பிராக்கெட் உடைந்திருந்தால் புது பம்பர் மாட்டினாலும் இடைவெளி சீராக நிற்காது. முன்பக்க அடி இன்னும் மோசம். ஹெட்லைட் காது உடையும், கண்டென்சரில் ஊசித்துளி கசிவு விழுந்து பத்து நாள் கழித்து ஏசி குளிர்ச்சி குறையும். அதற்குள் கைக்காசு வேலை முடிந்திருக்கும், பிறகு க்ளெய்ம் போட்டால் "ஏற்கெனவே பிரித்துவிட்டீர்களே" என்ற கேள்வி வரும்.

பார்க்க வேண்டியது: டிக்கி இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியில் மூடுகிறதா, பம்பருக்கும் பேனலுக்கும் நடுவில் விரல் போகும் இடம் இடது வலது ஒன்றாக இருக்கிறதா, ரிவர்ஸில் எல்லா சென்சாரும் கத்துகிறதா, அடியில் டார்ச் அடித்தால் எதுவும் தொங்குகிறதா.

தூரத்துக்கேள்வி | 8 ஜனவரி, மாலை 5.30

எதிரே வந்தவர் தப்பு என்றால் என் என்சிபி போகாதுதானே? தப்பு யார் மேல் என்று பார்த்துத்தானே கழிப்பார்கள்?

சர்வேநோட்டு | 8 ஜனவரி, மாலை 6.15

தூரத்துக்கேள்வி, போகும். இந்தியாவில் ஓன் டேமேஜ் க்ளெய்ம் போட்டால் யார் தப்பு என்று பார்க்காமல் என்சிபி போகும். அடுத்தவர் தப்பு என்றால் அவருடைய தேர்ட் பார்ட்டி கவரிலிருந்து வாங்க வேண்டும். சொத்துச் சேதத்துக்கு அதில் 7.5 லட்சம் வரை உண்டு. ஆனால் அதற்கு எஃப்ஐஆர், மோட்டார் விபத்து உரிமைக்கோரல் தீர்ப்பாயம் என்று போக வேண்டும். பம்பர் பெயிண்டுக்காக அந்தப் படி ஏறுகிறவர் இல்லை. நடப்பில் அந்த இடத்திலேயே பேசி எதிராளி பணம் கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் நாம்தான்.

நம் வண்டி அடுத்தவர் வண்டியில் இடித்து, அவர் தேர்ட் பார்ட்டியாக நம் பாலிசியில் கேட்டால் அதற்கு நம் என்சிபி போகாது. என்சிபி ஓடி பகுதிக்கு மட்டும்.

ஒருவருக்காவது காயம் பட்டிருந்தால் இந்த லாப நஷ்டக் கணக்குக்கே இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134 படி சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், போலீஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் தகவல் சொல்ல வேண்டும். கையில் காசு திணித்துவிட்டுப் போனால் ஆறு மாதம் கழித்து வரும் நோட்டீஸுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பக்கத்தில் நிற்குமா என்பது சந்தேகம்.

சும்மாபயணி | 8 ஜனவரி, இரவு 8.48

பின்பம்பருக்கு ஒரு யோசனை. மார்ச்சில் ரின்யூவல் 45 சதவீதத்தோட முடிச்சிட்டு, அப்புறமா இந்த இடிக்கு க்ளெய்ம் போட்டா?

என்சிபி50 | 8 ஜனவரி, இரவு 9.20

பலிக்காது. இடி நடந்த தேதி பழைய பாலிசியில் இருக்கிறது, க்ளெய்மும் அதில்தான் விழும். ரின்யூவலுக்குக் கொடுத்த 45% அந்தப் பழைய பாலிசி சுத்தமாக இருந்தது என்ற அடிப்படையில் வந்தது. அது போனதும் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். தேதியை மாற்றிச் சொன்னால் பொய். தூண் உரசலில் துரு ஏறிய நிறம் சேதத்தைப் பார்க்க கம்பெனி அனுப்பும் சர்வேயருக்குத் தெரியாதா?

வேறு கம்பெனிக்கு மாறி "க்ளெய்ம் இல்லை" என்று எழுதிக்கொடுப்பதும் இதே ரகம். அந்த உறுதிமொழி தப்பு என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பகுதியில் கிடைக்க வேண்டிய பலன் மொத்தமும் பறிபோகும் என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. நாலாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், வண்டி நொறுங்கும் நாளில் வெறுங்கை.

சர்வேநோட்டு | 9 ஜனவரி, காலை 7.00

இதை ஒட்டி ஒன்று. "க்ளெய்ம் போடுவதுதான் போடுகிறோம், வலது டோர் கீறல், முன் பம்பர் உரசல் எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம்" என்பார்கள். இடது பின் மூலை தூணில் பட்டதற்கும் வலது டோர் கீறலுக்கும் ஒரே காரணம் இருக்க முடியாது. அடி விழுந்த திசையும் உயரமும் கீறலிலேயே எழுதியிருக்கும். வேறு வேறு நிகழ்வு என்றால் வேறு வேறு க்ளெய்ம், ஒவ்வொன்றுக்கும் தனி டிடக்டபிள்.

ஆனால் நேர்மையான வழியில் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு பாலிசி வருஷத்தில் ஒரு க்ளெய்ம் போட்டாகிவிட்டது என்றால், அந்த வருஷம் முடிவதற்குள் வரும் இரண்டாவது உண்மையான சேதத்துக்கு என்சிபி இழப்பு கிடையாது. ஏற்கெனவே பூஜ்யம்தானே. அப்போது டிடக்டபிளையும் தேய்மானத்தையும் மட்டும் பார்த்தால் போதும். ஜீரோ டெப் உள்ளவர்கள், வருஷத்துக்கு இத்தனை க்ளெய்ம்தான் என்ற வரம்பு பாலிசியில் இருக்கிறதா என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

பின்பம்பர் | 9 ஜனவரி, இரவு 9.15

ஜீரோ டெப் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஓடிகணக்கு | 9 ஜனவரி, இரவு 9.40

தேய்மானம் 2,775 கழியாது. 300 ரூபாய்ச் சாமான் ஜிஎஸ்டியோடு 354, டிடக்டபிள் 1,000, இரண்டும் அப்போதும் உங்களுடையதே. ஜீரோ டெப் என்றால் ஒரு பைசா கட்ட வேண்டாம் என்று நினைப்பவர்கள் டெலிவரி எடுக்கும்போது சண்டை போடுவது இங்கேதான். கைக்கு வருவது 13,396. இழப்பு 9,295 முதல் 11,487 வரை. க்ளெய்ம் தெளிவாக லாபம்.

வாலன்டரி டிடக்டபிள் (நாமாகவே ஏற்கும் தொகை) 2,500, 5,000 என்று எடுத்து ப்ரீமியத்தைக் குறைத்தவர்களுக்கு நேர் எதிர். அந்தத் தொகை கம்பல்சரியோடு கூடுதலாகக் கழியும், சின்னச் சேதத்துக்கு எதுவும் மிஞ்சாது. என்சிபி ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தால் இந்த இழையில் பாதியைத் தாண்டிப் போகலாம். எத்தனை க்ளெய்ம் வரை காக்கும் என்பது மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

கண்ணாடிக்கல் | 10 ஜனவரி, காலை 11.30

கண்ணாடி க்ளெய்முக்கு என்சிபி போகாது என்று சொல்கிறார்களே? முன்கண்ணாடியில் கல் தெறித்து ஒரு பொட்டு.

சர்வேநோட்டு | 10 ஜனவரி, பகல் 12.20

கண்ணாடிக்கல், கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை என்பதும் என்சிபி போகாது என்பதும் இரண்டு விஷயம். முதலாவது பொதுவிதி. இரண்டாவது சில கம்பெனிகளின் ஆட்-ஆன் அல்லது சலுகை. உங்கள் பாலிசி வாசகத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கண்ணாடியும் மற்றதைப் போல ஓடி க்ளெய்ம்தான்.

பொட்டு இரண்டு செ.மீ.க்குள், ஓட்டுநர் பார்வைக்கு நேரே இல்லாமல், ஓரத்திலிருந்து தள்ளி இருந்தால் ரெசின் ஏற்றி நிறுத்திவிடலாம். செலவு டிடக்டபிள் பக்கம்தான் வரும், க்ளெய்ம் யோசனையே வேண்டாம். அதுவரை டேப் ஒட்டி வையுங்கள். ஈரமும் தூசியும் உள்ளே போனால் ரெசின் பிடிக்காது. வெயிலில் நின்ற கண்ணாடி மேல் ஏசி காற்றை முழுசாகத் திருப்பாதீர்கள், பொட்டு கோடாக ஓடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டிக்குக் காலிப்ரேஷன் செலவும் எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டிக்கரண்டி | 10 ஜனவரி, இரவு 10.05

வெறும் கீறலுக்கு ஒரு வரி. நகத்தை குறுக்கே இழுங்க. நகம் மாட்டலைன்னா க்ளியர் கோட்டிலேயே நிக்குது, கம்பவுண்ட் போட்டு பாலிஷ் அடிச்சா போயிரும். கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே 100லிருந்து 150 மைக்ரான்தான். அதில் க்ளியர் பாதிகூட இருக்காது, அதனால ஒரே இடத்தில் வருஷா வருஷம் பாலிஷ் மெஷினை வெச்சு தேய்க்காதீங்க. நகம் மாட்டி, அடியில் சாம்பல் தெரிஞ்சா ப்ரைமர். பளபளன்னு தெரிஞ்சா இரும்பு; அன்னைக்கே டச்-அப் வெச்சிருங்க. பிளாஸ்டிக்கில் என்ன தெரிஞ்சாலும் அவசரமில்லை, அது துருப்பிடிக்காது.

மெட்டாலிக், பேர்ல் கலர்னா பக்கத்துப் பேனல் வரைக்கும் கரைச்சு விடணும். "அந்த இடம் மட்டும்" அடிச்சா நிழலில் சரியா இருக்கும், வெயிலில் திட்டு தெரியும்.

என்சிபி50 | 11 ஜனவரி, காலை 8.30

க்ளெய்ம் வேண்டாம் என்று முடிவானால் அப்படியே ஓட்டிவிடலாம் என்று விடக் கூடாது. சரிசெய்யாத டென்ட் மேல் ஆறு மாதம் கழித்து பெரிய அடி விழுந்தால், பழைய சேதம் என்று அந்தப் பேனலில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். பாலிசி ஒரு நாள் விட்டுப்போனால்கூட புதுப்பிக்க இன்ஸ்பெக்‌ஷன் போட்டோ எடுப்பார்கள். அதில் டென்ட் பதிவாகிவிட்டால் பிறகு எவ்வளவு சொன்னாலும் பழையதுதான். வேலை முடிந்ததும் பில், முன் பின் போட்டோ இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பம்பர் | 11 ஜனவரி, இரவு 7.50

ஏற்கெனவே டோல்-ஃப்ரீயில் தகவல் சொல்லி க்ளெய்ம் நம்பர் வந்துவிட்டது. அதனாலேயே என்சிபி போய்விடுமா?

சர்வேநோட்டு | 11 ஜனவரி, இரவு 8.25

பணம் கொடுக்காமல் மூடப்பட்ட க்ளெய்முக்கு வழக்கமாக என்சிபி போவதில்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வரக் கூடாது. சிஸ்டத்தில் திறந்தே கிடக்கும், ரின்யூவல் அன்றைக்கு என்சிபி பூஜ்யம் என்று காட்டும். க்ளெய்ம் நம்பர் போட்டு "இந்த க்ளெய்மைத் தொடர விரும்பவில்லை, தொகை எதுவும் பெறவில்லை, மூடிவிட்டு உறுதிசெய்யவும்" என்று மெயில் அனுப்பி, பதில் மெயிலைச் சேமித்து வையுங்கள். ரின்யூவலுக்கு முன்பே பதில் வந்தாக வேண்டும்.

இன்னும் முடிவெடுக்காதவர்கள் தகவல் சொல்லத் தயங்க வேண்டாம். உடனே சொல்ல வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. தாமதத்தை மட்டும் காரணம் காட்டி நியாயமான க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று ஐஆர்டிஏ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) 2011 செப்டம்பர் 20ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் காரணம் எழுதிக்கொடுக்கும் வேலை நமக்குத்தான். ஒன்று மட்டும்: சர்வேயர் பார்ப்பதற்கு முன் பம்பரைக் கழட்ட விடாதீர்கள். கழட்டிய பின் தெரியும் உள்சேதம் சப்ளிமென்டரி எஸ்டிமேட்டில் வரும், அதற்கும் அவர் ஒப்புதல் வேண்டும்.

பின்பம்பர் | 14 ஜனவரி, காலை 10.10

வெளிக்கடையில் பம்பர் ஒட்டி, டென்ட் எடுத்து, இரண்டுக்கும் பெயிண்ட் சேர்த்து 7,800 சொல்கிறார்கள். உள்ளே பிராக்கெட் உடையவில்லை. க்ளெய்ம் போட்டால் என் பங்கு 4,628, அதோடு என்சிபி இழப்பு 9,295 முதல் 11,487 வரை. ஆக 13,900லிருந்து 16,100. மெயில் போட்டாயிற்று, மூடிவிட்டோம் என்று பதிலும் வந்தது.

சும்மாபயணி | 14 ஜனவரி, காலை 10.32

மிச்சம் ஆறாயிரத்தில் தூணுக்கு ஒரு ஃபோம் வாங்கி ஒட்டிருங்க.

புதுவண்டிஆசை | 2 ஜூன், இரவு 11.10

பழைய இழையைக் கிளறுகிறேன். என்சிபி 50ல் இருக்கிறது, எட்டு வருஷ வண்டி, ஓடி ப்ரீமியம் வெறும் 3,000. ஃபென்டர் நசுங்கல், க்ளெய்ம் போட்டால் 6,500 வரை வரும் என்கிறார்கள். 125 புள்ளிக் கணக்கில் 3,750, ஜிஎஸ்டியோடு 4,425. க்ளெய்ம் லாபம்தானே?

என்சிபி50 | 3 ஜூன், காலை 7.25

புதுவண்டிஆசை, உங்கள் பெயரே பதில் சொல்கிறது. வண்டியை மாற்றப் போகிறீர்களா?

என்சிபி ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. பழைய வண்டியை விற்கும்போது என்சிபி ரிசர்விங் லெட்டர் (என்சிபி நம் பெயரில் இருக்கிறது என்ற கடிதம்) வாங்கினால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் இன்னொரு காருக்கு அதே 50% போடலாம். புது வண்டியின் ஓடி ப்ரீமியம் 25,000 என்றால் முதல் வருஷமே 12,500 குறையும். 6,500க்காக அதை விடலாமா? மாற்றுகிற எண்ணமே இல்லை, இன்னும் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டுக் காரையே விட்டுவிடுவேன், அல்லது அடுத்த வருஷம் முதல் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் எடுப்பேன் என்றால் உங்கள் 4,425கூட அதிகம். தாராளமாகப் போடுங்கள்.

பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் 50ம் காற்றில் போய்விடும் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவண்டிஆசை | 3 ஜூன், இரவு 10.00

தீபாவளிக்குப் புது வண்டி. ஃபென்டர் போல்ட்டில் நிற்கிற பாகம் என்று மேலே இருக்கிறது. பழைய சாமான் கடையில் அதே கலரில் எடுத்து மாட்டலாமா?

பட்டிக்கரண்டி | 3 ஜூன், இரவு 10.18

தாராளமா. மாட்டுறதுக்கு முன்னாடி உள்பக்க ஓரத்தில் துரு, பழைய பட்டி ரெண்டும் இருக்கான்னு காந்தம் வெச்சுப் பாருங்க. ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கு. அதே கலர்னாலும் வேற வண்டி வெயிலில் வெளுத்த அளவு வேற, பானெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாத்துட்டு காசைக் கொடுங்க.